அரளி நஞ்சும் அதனை அறியும் முறையும்: யாழ்ப்பாணத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழர் வழிபாட்டில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் மலர் அரளி. ஈழத்தில் இஃது அலரி என வழங்கும். இன்று வேலியோரங்களில் காணப்படும் மஞ்சள் அரளியோ வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பிற்காலத்தில் இங்கு வந்து பழைய பெயரையே பெற்றது. பெயரால் மட்டுமன்றி நஞ்சாலும் இரண்டும் உறவுடையன. இரண்டிலும் இதயத்தைத் தாக்கும் ஒரே வகை நஞ்சு உண்டு. அதனை விரைந்து அறியும் முறை தோன்றிய வரலாற்றையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

1980இல் யாழ்ப்பாணத்தில் இரு சிறுமியர் அரளி நஞ்சால் இறந்த செய்தி இதழ்களில் வெளிவந்தது. அதன்பின் இந்நஞ்சுண்டோர் தொகை ஆண்டுதோறும் பெருகி, இலங்கையின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. வருவோர் அனைவரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. நலமாகத் தோன்றுபவரின் இதயத்துடிப்பும் பின்னர்த் தடுமாறக்கூடும். ஆகவே, உண்மையான இடருக்கு உள்ளானவர் யார் என்பதே மருத்துவர்முன் நின்ற வினாவாகும்.

இதற்கு உதவிய சோதனை அரளிக்காகத் தோன்றியதன்று. ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் டிஜிட்டாலிஸ் செடியின் மருத்துவப் பயனைப் பற்றி நூல் வெளியிட்டார். அவ்வினச் செடியிலிருந்து பெறப்படும் டிஜாக்சின், அளவு சற்று மிகினும் நஞ்சாவது. எனவே, குருதியில் அதன் அளவை அறிய, எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் சோதனையை 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அரளி நஞ்சின் மூலக்கூறு டிஜாக்சினை ஒத்திருப்பதால், அவ்வெதிர்ப்பொருள் அதனையும் பற்றிக்கொள்கிறது. ஆயின், அது பற்றும் திறன் ஒவ்வொரு சோதனைப் பொருளுக்கும் வேறுபடும். ஆதலின், சோதனை நஞ்சு உண்டென்று காட்டுமேயன்றி, அதன் சரியான அளவைக் காட்டாது. இடரின் கடுமையை இதய மின்வரைபடமும் குருதியிலுள்ள பொட்டாசியத்தின் அளவுமே உணர்த்துகின்றன.

இதே வகை எதிர்ப்பொருள் மருந்தாகவும் பயன்பட்டது. கொழும்பில் நடைபெற்று 2000இல் வெளியான ஆய்வு, அரளி நஞ்சால் தடுமாறிய துடிப்பை அது சீராக்குவதை மெய்ப்பித்தது. எனினும், விலை மிகுதியால் 2002இல் இலங்கையில் அம்மருந்து கிடைக்காமற் போயிற்று. இறப்பு விகிதம் உயர்ந்ததை 2003இல் வெளியான ஆய்வு சுட்டியது.

நஞ்சை விரைந்து அறிதல் உயிர் காப்பதன் முதற்படி மட்டுமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. சோதனை வசதியற்ற ஊர் மருத்துவமனைகளில் அம்முதற்படியும் உறவினர் கூறும் 'அலரி' என்னும் ஒரு சொல்லையே சார்ந்துள்ளது. அச்சொல் இரு மரங்களுக்கும் பொதுவாயினும் நஞ்சின் வகை ஒன்றே ஆதலால், மருத்துவருக்கு அது பிழையான வழியைக் காட்டுவதில்லை எனலாம்.