பாதமலைக்கு வழி போட்டவர்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், 2,243 மீட்டர் உயரத்தில், கூம்பு போல் தனித்து நிற்கும் மலை ஒன்று உண்டு. அதன் உச்சிப் பாறையில் ஆளுயரப் பாதம் பதிந்தது போன்ற ஒரு பள்ளம். சிங்கள பௌத்தர் அதைப் புத்தரின் பாதம் என்று ‘ஸ்ரீ பாத’ என்பர். சைவருக்கு அது சிவனொளிபாதமலை. முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாரின் பாதம் என்றனர். மலை யாருடையது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். நான் அதன் வரலாற்றைப் படித்தபோது என்னை ஈர்த்தது வேறு கேள்வி: இருட்டில் இத்தனை பேர் ஏற அங்கே வழி போட்டவர்கள் யார்?

சோழர்களைப் பொலன்னறுவையிலிருந்து 1070இல் வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவிடமிருந்து தொடங்கலாம். வழியில் யாத்திரிகர் படும் பாட்டை அறிந்து, அவர்களுக்கு உணவளிக்க கிலிமலை என்ற ஊரையே மானியமாக விட்டான் அந்த அரசன். அம்பகமுவக் கல்வெட்டும் சூளவம்சமும் இதைச் சொல்கின்றன. அதே கல்வெட்டு, பாதம் இருக்கும் தளத்துக்குக் கீழே, தாழ்த்தப்பட்ட சாதியார் நின்று வணங்க இன்னொரு தளம் கட்டியதையும் சொல்கிறது. சோறு எல்லோருக்கும் உண்டு; உச்சியில் மட்டும் மேல் கீழ் இருந்தது.

அடுத்த சாட்சி 1344இல் வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. அவருடைய நூலை தெஃப்ரெமெரி, சாங்கினெத்தி என்ற இருவர் 1850களில் பிரெஞ்சில் பெயர்த்து நான்கு தொகுதிகளாக வெளியிட்டனர். புதுச்சேரியில் பிரெஞ்சுவழியில் படித்ததால் அதை நேராகவே வாசிக்க முடிந்தது. புத்தளத்தில் இறங்கிய அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்கிறார் பயணி. பல்லக்கும் தூக்க ஆட்களும் கொடுத்து, ஆண்டுதோறும் மலையேறும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என்று உடன் அனுப்புகிறார் அரசர். ஒரு முஸ்லிமை ஆதமின் பாதத்துக்கு அழைத்துப் போனவர்கள் சைவ அரசரின் யோகிகளும் பிராமணர்களும்!

பாறையில் தொங்கிய சங்கிலிகள் பத்து என்று எண்ணி எழுதியிருக்கிறார். கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்வார்களாம். மலைக்கு பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகள். பாபா என்றால் ஆதம், மாமா என்றால் ஹவ்வா. மாமா வழி சுலபமானது. அதில் ஏறினால் யாத்திரையாகக் கணக்கில்லை, இறங்க மட்டும்தான். காட்டு அட்டைக்கு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருப்பார்கள் என்பதையும் அவர் விடவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் சீதாவக்கை அரசன் முதலாம் ராஜசிங்கன் சைவம் தழுவி, மலையின் வருமானத்தைச் சைவத் துறவிகளுக்குக் கொடுத்தான் என்கிறது சூளவம்சம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதைத் திரும்ப பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவரோ தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவர். சிங்கள அரசன் சைவர்களுக்குக் கொடுத்தான். தெற்கிந்திய வம்சத்தவர் பௌத்தர்களுக்குக் கொடுத்தார். இன்று கோடு கிழித்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

பழைய வழிகள் இரத்தினபுரிப் பக்கமிருந்து போகின்றன. இன்று கூட்டம் அதிகம் போவது ஹட்டன் பக்கமிருந்து. அந்தப் பக்கத்தை மாற்றியவை தோட்டமும் ரயிலும். ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல். முதலில் காப்பி, பிறகு தேயிலை. காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சனங்கள். மலையேற்றம் தொடங்கும் அடிவார ஊரின் பெயரே நல்லதண்ணி; சுத்தத் தமிழ்ப் பெயர். அந்தச் சனங்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எந்த நாட்டிலும் பிரஜையாக இல்லாத அந்த ஆண்டுகளிலும் லயத்து வீட்டிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரிந்தது. அதில் ஏற யாரும் பிரஜா உரிமைச் சான்று கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு நானும் என் மனைவியும் போனோம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமிவரைதான் பருவம். இரவு ஒரு மணிக்கு நல்லதண்ணியில் புறப்பட்டோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடையும் உண்டு. எங்களுக்கு முன்னால் வெள்ளை உடுத்த சிங்களப் பாட்டி ஒருவரைப் பேரப்பிள்ளைகள் தாங்கிப் பிடித்து ஏற்றினர். பின்னால் ‘அரோகரா’ என்றபடி தோட்டத்து இளைஞர்கள். கடைசிச் செங்குத்தில் என் மனைவிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ‘பைய வாங்கம்மா, கம்பியைப் பிடிங்க’ என்று ஓர் இளைஞன் அவள் பையை வாங்கிக்கொண்டான். சங்கிலி இருந்த இடங்களில் இப்போது இரும்புக் கம்பிகள்.

ஆறரை மணிக்குள் கிழக்கே சூரியன் எழுந்தது. சூரியனே பாதத்தை வணங்கி எழுகிறான் என்று சிங்களவர் அதை ‘இர சேவய’ என்பர். ‘சாது, சாது’ என்ற ஒலி எழுந்தது. உடனே எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினோம். மலையின் நிழல் துல்லியமான முக்கோணமாகச் சமவெளிமேல் விழுந்திருந்தது. 1880களில் ஆபர்குரோம்பி என்ற வானிலையாளர் இதைப் பார்க்கவே மேலே தங்கி ஆராய்ந்தார். மலை எந்த உருவத்தில் இருந்தாலும் அதன் நிழல் நெடுந்தூரம் நீள்வதால், தண்டவாளம் தொலைவில் சேர்வதுபோல ஓரங்கள் கூடி முக்கோணமாகத் தெரியும். மூடுபனிமேல் விழும்போது அது நம் எதிரே எழுந்து நிற்பதுபோலவும் இருக்கும்.

எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை உச்சியிலுள்ள மணியை அடிக்க வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஒருமுறை அடித்தோம். அந்தச் சிங்களப் பாட்டி அடிக்க அடிக்கப் பேரன் எண்ணிக்கொண்டே வந்தான், பதினாறில் நிறுத்தினார். பை சுமந்த இளைஞன் ஏழு அடித்துவிட்டு எங்களுக்காக ஓரமாகக் காத்து நின்றான், இறங்கும்போதும் பையை எடுத்துக்கொள்ள.