படித்தவர்களின் வாக்கு

குடியுரிமைச் சோதனைக்குப் புத்தகத்தைப் பாடமாக்கும் நம்மவர் சிலர், எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். இது எமது பழைய பேச்சுத்தான்.

1911 இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் 'படித்த இலங்கையருக்கு' என ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. ஆங்கிலம் கற்ற சிறு கூட்டத்துக்கே வாக்கு. மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்துப் பொன். இராமநாதன் வென்றார். சிங்களவர் தமிழரைத் தெரிந்த அந்தத் தேர்தலை ஒற்றுமையின் சான்றாகச் சொல்லி எம்மில் பலர் மகிழ்வதுண்டு. ஆனால், கராவ சாதிக்காரர் வரக்கூடாதென்றே கொவிகமப் படிப்பாளிகள் வேளாளரான இராமநாதனை ஆதரித்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. கற்ற கல்வி சாதியை அழிக்கவில்லை.

1920களிலும் எழுத்தறிவோடு சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களே வாக்காளர். சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர். டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்கு என்றபோது இராமநாதன் எதிர்த்தார். எமது பெரியவர்களை நாம் மதிக்கிறோம், ஆனாலும் இதை மறைக்க முடியாது. 1931 இல் 21 வயதான பெண்களும் கூலிகளும் வாக்களித்தார்கள்.

பிறகு வேறொரு சோதனை வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தாரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்தவர்களிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? 1949 இல் வாக்கும் போயிற்று. 1947 இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தோட்டங்கள் 1952 இல் ஒருவரையும் அனுப்பவில்லை.