மலாக்காவின் முன்ஷி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் சந்தை மலாய் விரைவிலேயே வசப்பட்டுவிடும். மீனுக்கு விலை பேசவும் படகோட்டியை ஏவவும் அது தாராளமாகப் போதும். ஆனால் சுல்தானின் சந்நிதியில் குடிமகன் தன்னைப் ‘பாத்தேக்’ என்றும், நெருங்கிய நண்பனிடத்தில் ‘ஆக்கு’ என்றும் சொல்லிக்கொள்ளும் அந்தப் பாஷையின் மரியாதைப் படிகளை அறிய விரும்பியவர்கள் ஓர் ஆசிரியரைத் தேடியே தீரவேண்டியிருந்தது.

அவர்களுக்குக் கிடைத்த ஆசிரியர்களில் பிரசித்தி பெற்றவர் முன்ஷி அப்துல்லா. யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணம்புரிந்த அரபு ஆசிரியர் ஒருவரின் வம்சத்தில், மலாக்காவிலேயே பிறந்த அவர், வியாபாரக் கணக்குக்கும் சம்பாஷணைக்கும் தமிழ் அவசியமென்று தந்தை கருதியதால், பிள்ளைப் பிராயத்தில் தமிழும் பயின்றார். ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ராபிள்ஸிடம் எழுத்தராக ஊழியம் செய்ததும், பாதிரியார் மில்னுக்கு மலாய் போதித்ததும் அவருடைய சுயசரிதையில் விஸ்தாரமாக இருக்கின்றன. 1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சேறிய அந்நூலில் என் மனத்தைக் கவர்வது, அவரிடம் மலாய் கற்ற தாம்சன் என்ற பாதிரியாருடன் நிகழ்ந்த வாக்குவாதந்தான். மாணாக்கர் ஆங்கில வாக்கிய அமைப்பிலேயே மலாய்ச் சொற்களை அடுக்குவார். மலாய்க்காரர் எவரும் இவ்விதம் பேசுவதில்லையென்று ஆசிரியர் ஆட்சேபிப்பார். மாணாக்கரோ இலக்கண நியாயம் பேசுவார். சம்பளம் கொடுப்பவரோடு வாதாடும் துணிச்சல் அக்காலத்து முன்ஷிகளில் எத்தனை பேருக்கு இருந்திருக்குமோ! பிற்காலத்தில் சிங்கப்பூரில் பாதிரியார் கீஸ்பெரியும் இவரிடமே மலாய் கற்றார்.