இயங்குதளப் பாடமும் லயன்ஸ் உரையும்

சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் (1937–1998), யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்புக் கெர்னலுக்கு (அதன் மைய நிரலுக்கு) எழுதிய விளக்கவுரை, இயங்குதளப் பாடத்தின் போக்கைத் திருப்பிவிட்ட நூல். தம் மாணவர்களுக்காக 1976–77இல் அவர் இதை இரு தொகுதிகளாக ஆக்கினார். ஒன்று மூல நிரல், மற்றது உரை. மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. உரை அந்த எண்களைச் சுட்டிக்கொண்டே செல்லும். மூலமும் உரையுமாகப் படித்துப் பழகிய தமிழருக்கு இவ்வமைப்பு புதிதன்று.

பொதுக் கொள்கைகளை விரிவுரையாகச் சொல்வது, சிறிய மாதிரி ஒன்றை எழுதவைப்பது ஆகியவையே அன்றைய வழக்கமான முறைகள். லயன்ஸோ, பிடிபி-11 கணினியில் அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த கெர்னலையே மாணவர் கையில் கொடுத்தார். ஏறத்தாழ 9,000 வரிகள்தான் என்பதால் அது சாத்தியமாயிற்று.

ஒரு செயல்முறையை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் சார்பு இதில் புகழ்பெற்றது. நிற்கும் செயல்முறையின் நிலையைச் சேமித்துவிட்டு, அடுத்ததன் ஸ்டேக்கை ஏற்றுகிறது. ஆகவே ஒரு செயல்முறை அழைத்த சார்பு, முடியும்போது வேறொரு செயல்முறைக்குள் போய்த் திரும்புகிறது. இங்கே, 2238ஆம் வரியில், படிப்பவருக்கு இது புரிய வேண்டியதில்லை என்னும் பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. தேர்வில் வராது என்பதுபோலச் சொன்னதுதான் அது, உண்மையில் எங்களுக்கே அப்போது முழுதாக விளங்கவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் ஒப்புக்கொண்டார். மாணவர்களுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன!

1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் பாடமாக்குவதைத் தடுத்தது. உரையோ ஒளிநகலாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. முறைப்படி அச்சானது 1996இல்தான். இடைக்காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் கற்பித்த ஆண்ட்ரூ டனன்பாம் யூனிக்ஸ் நிரல் ஒரு வரியும் கலக்காமல் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதி 1987இல் பாடநூலுடன் வெளியிட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியது மினிக்ஸ் ஓடிய கணினியில்தான்.

எம்.ஐ.டி. 2006இல் ஆறாம் பதிப்பின் அமைப்பைத் தழுவி எக்ஸ்வி6 என்ற கெர்னலை உருவாக்கியது. முதலில் இன்டெல் எக்ஸ்86 செயலிக்கு எழுதப்பட்ட இது, பின்னர் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாறியது. இதன் ஆய்வகப் பயிற்சிகளுள் ஒன்று, செயல்முறையைப் பிரதியெடுக்கும் ஃபோர்க்கைத் திருத்துவது: நினைவகப் பக்கங்களை உடனே நகலெடுக்காமல் இரு செயல்முறைகளும் பகிர வேண்டும், ஒன்று எழுத முனையும்போது மட்டும், அந்தப் பக்கத்துக்கு நகல் எடுக்க வேண்டும்.