வினாத்தாள் யார் கையில்? கொல்கத்தாவில் கல்லூரி ஆசிரியர் மேம்பாடு குறித்து ஒரு மறுசிந்தனை

கொல்கத்தாவின் இணைவுக் கல்லூரி ஒன்றில் பணியில் சேரும் ஆசிரியருக்குப் பாடத்திட்டம் அச்சாகியே வந்து சேர்கிறது. அதை வகுப்பது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு. பருவத்தேர்வு வினாத்தாளும் அங்கிருந்தே வரும். இரண்டுக்கும் நடுவே பகுதிகளை 'நடத்தி முடிப்பது' மட்டுமே ஆசிரியரின் வேலை. இங்கு ஆசிரியர் மேம்பாடு பலன் தராததற்குப் பயிற்சிக் குறைவு முதன்மைக் காரணமன்று. பயின்றதைச் செய்துபார்க்கும் உரிமை அவரிடம் இல்லாமையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இது பிறவிக் கோளாறு. 1857 ஜனவரியில் சட்டப்படி உருவான கல்கத்தா பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் பிறந்த சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களைப் போலவே தேர்வு நடத்திப் பட்டம் தருவதே அதன் பணி. கற்பிப்பது கல்லூரிகளின் பாடு. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகமே கற்பிக்க வழிவிட்டது. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அவ்வழியே முதுகலைத் துறைகளை வளர்த்தெடுத்தார். இளங்கலை வகுப்புகள் பழைய தடத்திலேயே ஓடின.

கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய 1917இல் அமைந்த சாட்லர் குழு 1919இல் 13 தொகுதிகளாக அறிக்கை தந்தது. தேர்வின் ஆதிக்கத்தையும், குறிப்பு சொல்லி எழுதவைக்கும் பழக்கத்தையும் அது கண்டித்தது. அது முன்வைத்த மருந்து அமைப்பு சார்ந்தது: கற்பித்தலும் தேர்வும் ஒரே நிறுவனத்திடம் இருக்க வேண்டும். 1921இல் டாக்காவில் தொடங்கிய பல்கலைக்கழகம் அச்சிந்தனையின் விளைவு. கல்கத்தாவின் இணைவு முறையோ அசையவில்லை.

அந்த அமைப்புக்குள்ளும் நல்லாசிரியர்கள் இருந்தார்கள். 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய், வகுப்பில் எலும்புச் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொள்வார். சுட்டபின் எஞ்சியிருப்பது கால்சியம் பாஸ்பேட். அதில் விலங்கின் தடயம் ஏதுமில்லை என்பதே பாடம். ஆசாரம் மிகுந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முன்னால் செய்யப்பட்டதால் அது வேதியியலைத் தாண்டியும் பேசியது. எந்தத் தேர்வும் கேட்காத பாடம் அது. ஆனால் ஆளோடு வந்த கலை ஆளோடு போய்விடும். அதை நிலைநிறுத்துவதுதான் நிறுவனத்தின் கடமை.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிறந்த கல்விப் பணியாளர் கல்லூரிகள் அக்கடமைக்காகவே வந்தவை. கல்கத்தா, ஜாதவ்பூர் பல்கலைக்கழகங்களிலும் அவை அமைந்தன. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம், 2023இல் மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையம் எனப் பெயர்கள் மாறின. அங்குப் பெறும் பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் உள்ள பிணைப்பு மாறவில்லை. புத்தொளிப் பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கோப்பில் ஏறுகிறது. மறுநாள் ஆசிரியர் அதே அச்சிட்ட பாடத்திட்டத்திடம் திரும்புகிறார். குழுவிவாதம் வழியே கற்பிக்கப் பழகியவருக்கு, மனப்பாடத்தைக் கேட்கும் வினாத்தாளே காத்திருக்கிறது.

பொதுப் பாடத்திட்டம்தான் எளிய கல்லூரி மாணவனின் பட்டத்துக்கும் மதிப்பளிக்கிறது என்று, ஆசிரியருக்கு உரிமை தருவதற்கு எதிராக எழும் மறுப்பு வலுவானது. உரிமை மட்டுமே போதாது என்பதும் உண்மை. பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாமே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் 1978இலேயே தோன்றின; கொல்கத்தாவின் செயின்ட் சேவியர் கல்லூரி 2006இல் தன்னாட்சி பெற்றது. வினாத்தாள் அமைக்கும் உரிமை வந்த கையோடு பாடம் வடிவமைக்கும் திறனும் வந்துவிடாது. பயிற்சியில்லாத உரிமை பழைய வினாக்களையே வரிசை மாற்றி அடுக்கும். உரிமையில்லாத பயிற்சி கோப்பில் உறங்கும்.

ஆகவே இரண்டையும் ஒரு சிறு அளவில் இணைத்துத் தொடங்கலாம். பொதுத்தாள்கள் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒரே ஒரு தாளை மட்டும் அதை நடத்தும் ஆசிரியரே வகுத்து, நடத்தி, மதிப்பிடட்டும். புத்தொளிப் பயிற்சியும் சில வாரங்களோடு முடிய வேண்டாம். ஒரு பருவம் கழித்து அவர் தம் பாடத்திட்டம், வினாத்தாள், மாணவர் விடைத்தாள்கள் சிலவற்றுடன் மையத்துக்குத் திரும்பட்டும். எந்த வினா சிந்திக்கவைத்தது, எது ஒப்பிக்கவைத்தது என்று சக ஆசிரியர்களோடு அந்த விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்த பிறகு சான்றிதழில் கையெழுத்து விழட்டும்.