தழும்பும் முடக்கமும்: எல்லைப்புறத் தமிழில் ஒரு மருத்துவச் சொல்வரலாறு

தீக்காயம் ஆறியபின் குழந்தையின் விரல்கள் உள்ளங்கை நோக்கி மடங்கிவிடும் நிலையை முடம், முடக்கம், சுருக்கம் என்னும் சொற்களால் குறிக்கலாம். இவற்றுள் எதைக் கொள்வது என்பது, சிகிச்சைக்குரிய காலத்தையும் தொடும் வினா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி பழமையானது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்தார். அவர்தம் 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. 1946இல் வேலூர் வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்ற அறுவையால் சீர்செய்தார். தீக்காயத்தில் காரணம் வேறு, தோலே சுருங்குகின்றது. எனினும், 'முடம் மாறாதது' என்னும் எண்ணத்தை அப்பணி தளர்த்தியது.

'முடம்' முடிந்த நிலையைச் சுட்டும் பெயர். தழும்புச் சுருக்கமோ பல மாதங்கள் தொடரும் நிகழ்வு. தொடக்கத்திலேயே அணைகட்டியும் பயிற்சி தந்தும் அதனைக் குறைக்கலாம். முற்றியபின் அறுவை வேண்டும். ஒடுங்கிய தழும்புப் பட்டையை 'இசட்' வடிவில் வெட்டி நீட்டுவர். அகன்றதை விடுவித்துத் தோல் ஒட்டுவர். குழந்தையின் எலும்பு வளரும் அளவிற்குத் தழும்பு வளராது. ஆதலின் மறு அறுவையும் நேரலாம். 'விரல் முடங்கிவிட்டது' என்பதற்கும் 'முடங்கிக்கொண்டு வருகின்றது' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்குச் சிகிச்சையின் வேறுபாடாகின்றது.

1956இன் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் தமிழர் வாழ்கின்றனர். அங்கு மருத்துவ உரையாடல் இருமொழிகளிலும் நிகழ்வது இயல்பு. தமிழில் 'தழும்பு' காயத்தின் வடு. மலையாளத்தில் 'தழம்பு' உழைப்பால் தோன்றும் காய்ப்பு. மலையாளத்தில் 'முடங்ஙுக' என்பது பெரும்பாலும் தடைப்படுதலையே குறிக்கும். ஒலியொப்புமை பொருளொப்புமையாகாது. 'வடு' இருமொழிக்கும் பொதுவாகலின் அதுவே பாதுகாப்பானது.

மற்றொரு நுட்பமும் உண்டு. சுருக்கத்தை விடுவித்தலைத் 'தழும்பு நீக்கம்' என மொழிபெயர்த்தால், வடுவே மறையும் எனப் பெற்றோர் எதிர்பார்ப்பர். விரல் நிமிர்ந்தும் வடு நிற்கக் கண்டு மனந்தளர்ந்து, அணையையும் பயிற்சியையும் கைவிடக்கூடும். அவை கைவிடப்படின் விரல் மீண்டும் மடங்கும். எனவே, இசைவுப் படிவங்களிலும் அறிவுரைத் தாள்களிலும் 'வடுச் சுருக்கம்', 'சுருக்கம் விடுவித்தல்' என்னும் தொடர்களை ஆள்வதே பொருத்தமுடையதாம்.