கல் கரைந்து வளந் தந்த கதை

கல்லுக்கு அழிவில்லை என்று எண்ணுவது உலக வழக்கம். ஆயின் கல்லும் பிளக்கும், கரையும். இதனைப் புவியியலார் ‘வானிலையாலழிதல்’ என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சரித்திரத்தை அரசர்களிலிருந்து தொடங்குவது மரபு. அதற்கு முந்திய அத்தியாயம் இவ்வழிவிலேதான் இருக்கின்றது.

நம் காலடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அது கடலடியிற் படிந்து ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதன் வெடிப்புகளில் ஆலும் அரசும் வேர்விட்டுப் பிளப்பது பொறிமுறையழிவு. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று, மென்மையான அமிலமாகிக் கல்லைக் கரைப்பது இரசாயனவழிவு. கல் கரையக் கரையாத களியும் இரும்பும் எஞ்சிச் செம்மண்ணாயின. கரைந்த இடங்கள் குகைகளும் நிலக்கீழ் நீர்வழிகளுமாயின. இராமபிரானின் அம்பினால் உண்டானதென்று ஐதிகங் கூறும் புத்தூர் நிலாவரைக் கிணறும், கடலோரத்திலே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இவ்வழிவின் பேறுகளே.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இந்நிலத்தில் நம் முன்னோர் கிணறு தோண்டிக் குடியேறினர். துலா மிதித்து, பட்டையால் இறைத்து, புகையிலையும் மரக்கறியும் விளைவித்தனர். ஆள்வலுவால் இறைத்த நீர் சிறிது. அடுத்த மாரி அதனை ஈடுசெய்தது.

பின்னர் மனிதனே கல்லை உடைக்கத் தொடங்கினான். 1950இல் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1990இல் போரினால் அது நின்றபோது, இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளிற் கரைத்திராத கல்லை நாற்பதாண்டுகளில் அகழ்ந்த பெருங்குழிகள் எஞ்சின. துலா நின்ற இடத்தில் இயந்திரம் வந்தது. நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதாதலால், அளவின்றி இறைக்க அடியிலுள்ள உப்பு மேலேறுகின்றது.

இன்னுமொன்று. நமக்கு நீர் தந்த அதே துவாரங்களின் வழியே செயற்கை உரமும் மலகூடக் கழிவும் நைத்திரேற்றாக இறங்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே தகுமென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நம் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டிவிட்டன. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளுக்கே இதனால் முதற்கேடு.

முன்னோர் ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டியது மாரிநீரைக் கல்லினுள் இறக்குதற்கும் உதவியது. அவற்றுட் பல இன்று தூர்ந்து கிடக்கின்றன. பெரியோர் அவற்றின் எல்லைகளைக் காட்டுவாராக. இளைஞராகிய நாம் மண்வெட்டியை எடுப்போமாக. கரைந்த கல்லை மீட்க நம்மால் இயலாது. அது தந்த நீரைக் காக்க இயலும்.